‘யோ’வுக்குப் பதில் ‘ங்க’

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முன்பெல்லாம் இங்கே குளிர் எப்படி என்றுதான் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. கோவை ராமநாதபுரத்தில் இருக்கும் என் சித்தி போன வாரம் கேட்டார்: “ஏங்கண்ணு, அங்கத்த பசங்க எல்லாம் நெசமாலுமே அப்படித்தானா? மழை வந்துச்சுன்னா குடையோட வந்து நிப்பாங்களாமா?”

தமிழில் குரல் கொடுத்து வரும் கொரியத் தொடர்களைச் சித்தி ஒன்று விடாமல் பார்க்கிறார். சித்தப்பாவும் பார்க்கிறாராம், பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு. இங்கே மழை வந்தால் அவரவர் குடையை அவரவர்தான் பிடிக்கிறோம், அதையும் பஸ்ஸில் மறந்துவிட்டு வருகிறோம் என்றேன். சித்திக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இத்தனை வருடம் கொரியாவில் இருந்து என்னத்தைக் கண்டாய் என்கிற தோரணையில் போனை வைத்துவிட்டார்.

நான் இருப்பது சாங்வோன். தென் கொரியாவின் தெற்கு ஓரத்தில், பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். கோவையில் பீளமேட்டுப் பக்கத்து ஆளுக்கு இந்த ஊரின் இரும்பு வாசனை புதிதாக இருக்காது. என் கணவர் இங்கே இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தார். கல்யாணம் ஆனதும் நான் வந்தேன். மகள் மதுமிதா இங்கேயே பிறந்து, இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இவ்வளவுதான் எங்கள் குடும்பம். அதிலும் இப்போது வீட்டில் இருப்பது நானும் மகளும் மட்டும்.

மாமனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதும் கணவர் தன் ஊரான ஆனைமலைக்குப் போனார். ஆறு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போனார். பிறகு தென்னைக்கு வெள்ளை ஈ வந்தது, மோட்டார் ரிப்பேர் ஆனது, தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் நின்றுபோனான். இரண்டு வருடம் ஆகப்போகிறது. இங்கே நிரந்தரமாக இருப்பதற்கு எங்களுக்கு ஒரு அட்டை உண்டு. அதை வாங்குவதற்குள் குடியேற்ற அலுவலகத்தின் நாற்காலிகள் எங்கள் முதுகை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. ஆனால் வெளியே போனவர் குறித்த கெடுவுக்குள் திரும்பி வந்து முகம் காட்டாவிட்டால் அந்த அட்டை செல்லாது. அவருடைய கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டிருந்தோம். அவர் அதில் ஏறி வருவாரா மாட்டாரா என்பதுதான் பல நாட்களாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரே கேள்வி.

2

எனக்கு இரண்டு வேலை. காலையில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் காய் நறுக்கிப் பாத்திரம் கழுவும் வேலை. மத்தியானத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் ஒரு குரல்பதிவு நிறுவனத்துக்காகக் கொரியத் தொடர்களின் வசனத்தைத் தமிழில் எழுதும் வேலை. சித்தி கண்ணீர் விடும் வசனங்களில் சில நான் எழுதியவை. இதைச் சித்தியிடம் சொன்னபோது, “அப்பறம் ஏன் அவன் அவளை எட்டாவது எபிசோடுலயே கட்டிக்கலை?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

இந்த முறை வந்த தொடர் ஒரு சிரிப்புக் காதல் கதை. மெத்தை விற்கும் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் பிரிவில் ஒரு பெண் வேலை செய்கிறாள். நாள் முழுக்க மற்றவர்களின் முதுகுவலியைக் கேட்டுக் களைத்துப்போய் வீட்டுக்கு வந்து, கண்ணில் வி.ஆர். என்கிற கண்ணாடிப் பெட்டி ஒன்றை மாட்டிக்கொள்கிறாள். உள்ளே ஒரு காதலன் நிற்கிறான். அவளோடு கடற்கரையில் நடக்கிறான், அவளுக்காக நூடுல்ஸ் கிண்டுகிறான், சொன்னதைக் கேட்கிறான். பெட்டியைக் கழற்றினால் ஆள் இல்லை. அந்த உருவத்துக்குள் இருந்து பேசுகிறவன் அதே கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கும் அதிகாரி. அவனும் தன் வீட்டில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யாரோடு பேசுகிறோம் என்று இருவருக்குமே தெரியாது.

எனக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. கண்ணாடிக்குள் தெரியும் ஆணோடு தினமும் சாயங்காலம் பேசிவிட்டு, திரையை அணைத்துவிட்டுத் தனியாகப் படுக்கிற பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை, வாட்ஸ்அப்பே போதுமாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கொரிய மொழியில் மரியாதையாகப் பேசினால் வினைச்சொல்லின் வாலில் ‘யோ’ என்று ஓர் ஒலி வரும். புதிதாகப் பழகுகிறவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், பெரியவர்களிடம் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் யோ உண்டு. இரண்டு பேர் நெருங்கிவிட்டால் யோவை உதிர்த்துவிடுவார்கள். ‘இனி நாம் யோ இல்லாமல் பேசலாமா?’ என்று ஒருவர் மற்றவரிடம் அனுமதி கேட்பதும் உண்டு. காதல் கதைகளில் அந்த இடத்துக்குத் தனியாக இசை வைப்பார்கள். கீழே பார்க்கிற ஆளிடமும் யோவை உதிர்ப்பார்கள், அது வேறு. பள்ளிச் சமையலறையில் என்னைவிடச் சின்னவளான தலைமைச் சமையல்காரி என்னிடம் யோ போடுவதில்லை. அவளுக்கு என் மேல் காதல் இல்லை என்பது அவள் வெங்காய மூட்டையைத் தள்ளிவிடும் விதத்திலேயே தெரியும்.

நம் தொடரில் கண்ணாடிக்குள் இருவருக்கும் யோ கிடையாது. அலுவலகத்தில் யோ கட்டாயம். ஆறாவது எபிசோடில், லிஃப்டில், அந்த அதிகாரி வாய் தவறி அவளிடம் யோ இல்லாமல் ஒரே ஒரு வார்த்தை பேசிவிடுகிறான். “சாப்பிட்டாயா?” அவ்வளவுதான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவன்தான் இவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மொத்தக் கதையும் அந்த ஒரு வாலில்தான் தொங்குகிறது.

3

நான் அந்த இடத்தில்தான் சறுக்கினேன். சென்னையிலிருந்து, வசனங்களைச் சரிபார்க்கும் தம்பி கூப்பிட்டார்.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. கண்ணாடிக்குள்ள நடக்கிற லவ் சீன் எல்லாத்துலயும் ரெண்டு பேரும் பேங்க் மேனேஜர்கிட்ட லோன் கேக்கற மாதிரியே பேசறாங்க.”

“எங்க தம்பி? நல்லாத்தானே எழுதியிருக்கேன்.”

“கடற்கரையில கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘உங்களுக்குக் குளிருதுங்களா’ங்கறான் மேடம்.”

எனக்கு உண்மையாகவே புரியவில்லை. குளிருதுங்களா என்று ஒரு ஆண் கேட்பதில் என்ன குறை? கோப்பைத் திறந்து பார்த்தேன். தம்பி சொன்னது சரிதான். ஐந்து எபிசோடுகளுக்குக் காதலர்கள் இருவரையும் என்னை அறியாமல் ‘ங்க’ போட்டே பேசவைத்திருக்கிறேன். அதனால் லிஃப்டில் அவன் உதிர்ப்பதற்குத் தமிழில் ஒன்றும் மிச்சம் இல்லை. மதுரைக்காரரோ சென்னைக்காரரோ எழுதியிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் இது புரியும். நான் பிறந்தது கோவைப் பக்கம், நெகமத்தில். ‘ங்க’ அங்கே அந்நியருக்கு வைக்கிற மரியாதை அல்ல. தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக்கூட “தூங்குங்க சாமி” என்போம். இங்கே வந்த புதிதில் மொழி வகுப்புக்கு மற்றப் பெண்கள் கூட்டி வந்த குழந்தைக்கெல்லாம் நான் யோ போட, டீச்சர் சிரித்துவிட்டார். குழந்தைக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்றார். மரியாதை இல்லை, பிரியம் என்று சொல்ல அப்போது எனக்குக் கொரிய மொழி போதவில்லை.

‘ங்க’ எங்கள் வீடுகளில் போவது சண்டையின்போதுதான். அப்பா ஒருமுறை அம்மாவிடம் “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டார். அன்று அம்மா பரிமாறினார், சாப்பிடவில்லை. அப்பாவும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, நேராகச் சந்தைக்குப் போய் வேண்டாத காய்கறியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்.

என் கணவரை முதலில் பார்த்தது மாசாணியம்மன் கோயிலில், இரண்டு வீட்டாரும் சூழ நிற்க. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணம் முடிந்த வாரம் வால்பாறைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். கொண்டை ஊசி வளைவுகள் வரவர எனக்குக் குடலைப் புரட்டியது. ஜன்னல் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். நான் எழுவதற்குள் அவருடைய புதுச் சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “பரவால்லீங்க, இன்னும் வருதுங்களா? வந்தா எடுத்துருங்க” என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். ‘பரவாயில்லை, எடு’ என்று சொல்லியிருந்தால் பிடித்திருக்குமா தெரியாது.

4

சென்னைத் தம்பிக்கு இதையெல்லாம் சொல்ல முடியுமா? திருத்தித் தருவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கொரிய மூலத்தில் எங்கெங்கே யோ வருகிறது, எங்கே விழுகிறது என்று கேட்டுச் சொல்ல மதுவைக் கூப்பிட்டேன். என் காது இன்னமும் சில இடங்களில் ஏமாற்றும், அவளுக்கு அது தாய்மொழி மாதிரி. மாதிரி என்ன மாதிரி, அதுதான். என்னிடம் அவள் பேசுவது கொரிய மொழியில்தான். தமிழ் புரியும். பேசினால் எல்லோரையும் நீ, வா, போ என்பாள். இங்கே பிள்ளைகள் அம்மாவிடம் யோ போடுவதில்லை, அந்தப் பழக்கம். ஒரு விடுமுறைக்கு ஆனைமலை போனபோது மாமனாரைப் பார்த்து, “தாத்தா, நீ இங்க வா” என்றாள். வந்திருந்த உறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வாயில் கை வைத்தார்கள்.

அவள் ஒவ்வொரு இடமாகச் சொல்லச் சொல்ல நான் நீங்களை நீ ஆக்கினேன். குளிருதுங்களா, குளிருதா ஆனது. வாங்க, வா ஆனது. ஒவ்வொன்றாக முள் எடுப்பது போல இருந்தது. நடுவில் மது நிறுத்தினாள்.

“இவங்க ரெண்டு பேரையும் ஏன் உன்னையும் அப்பாவையும் மாதிரி பேச வச்சே?” என்று கொரிய மொழியில் கேட்டாள்.

“எங்களை மாதிரின்னா?”

“ஆபீஸ்காரங்க மாதிரி.”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எனக்குச் சின்ன வயசுலேயே தெரியும் அம்மா. நீயும் அப்பாவும் இன்னும் யோவிலேயேதான் இருக்கீங்க. என் சிநேகிதிகளோட அம்மா அப்பா சத்தம் போட்டுச் சண்டை போடுவாங்க, கிண்டல் பண்ணிக்குவாங்க. நம்ம வீட்டுல ‘சாப்டீங்களா, ஆச்சுங்க.’ பெரியவங்க சேர்த்து வச்சாங்க, அதனால இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். நடுநிலைப் பள்ளியில படிக்கும்போதே, ஒருநாள் பிரிஞ்சுடுவாங்க, அழக் கூடாதுன்னு தயாராத்தான் இருந்தேன். அப்பா ஊருக்குப் போனப்ப சரி, இதுதான் அதுன்னு நினைச்சேன்.”

எங்களுக்குள் இருந்த நெருக்கம் அத்தனையும் இத்தனை வருடமும் இந்தப் பெண்ணின் காதில் தூரமாக விழுந்திருக்கிறது. அவள் எதிரிலேயே ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக இருந்திருக்கிறோம், அவள் அதைப் பிரிவுக்கு முந்தைய ஒத்திகை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அப்படி இல்ல கண்ணு. எங்க ஊர்ல அதுதான்...” என்று தொடங்கினேன். எதைச் சொல்லி முடிப்பது? வாந்தி எடுத்த கதையையா?

“அப்பா அடுத்த வாரம் வருவாரா?” என்று கேட்டாள்.

“டிக்கெட் இருக்குதே.”

“நான் டிக்கெட்டைக் கேட்கலை” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

மீதி வசனத்தை நானே திருத்தினேன். லிஃப்டில் அவன் சாப்பிட்டாயா என்று கேட்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். ஒருவேளை மகள் சொல்வதுதான் சரியோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருடமாக ‘சாப்டீங்களா, ஆச்சுங்க’ என்பதைத் தாண்டி நாங்கள் என்ன பேசியிருக்கிறோம்? வெள்ளை ஈ பற்றிப் பேசியிருக்கிறோம். மாமனாரின் மாத்திரை பற்றிப் பேசியிருக்கிறோம். நீங்கள் இல்லாமல் முடியவில்லை என்று நான் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. என் உடம்பு அலுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது மனசு அலுப்போ என்னவோ.

5

அன்று சாயங்காலம் வழக்கம்போல அழைத்தேன். அங்கே அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தோப்புக்குக் கிளம்பும் நேரம். மகளின் பேச்சு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ‘ங்க’ இல்லாமல் ஒரு தடவை பேசித்தான் பார்ப்போமே என்று ஒரு அசட்டுத் துணிச்சல்.

“சாப்டியா?” என்றேன்.

திரையில் அவர் முகம் வெளுத்துப்போய் இருந்தது.

“ஏனுங்க அம்மணி,” என்றார் மெதுவாக. “மெசேஜ் வந்துருச்சுங்களா?”

“என்ன மெசேஜ்?”

“டிக்கெட்டுதானுங்க. நேத்து கேன்சல் பண்ணிப்போட்டனுங்க. உங்க ஈமெயில்ல போட்டதுதானுங்களே, எப்படியும் உங்களுக்கு வந்துரும்னு தெரியுமுங்க. எப்படிச் சொல்றதுன்னு காலைல இருந்து உக்காந்திருக்கனுங்க. நீங்க எடுத்த எடுப்புல ‘ங்க’வ உட்டுப்போட்டுப் பேசுனீங்க. சரி, தெரிஞ்சுபோச்சுன்னு...”

நான் ஈமெயிலைப் பார்க்கவே இல்லை. நாள் முழுக்க யோவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“அப்பாவ இப்புடிப் போட்டுட்டு வர முடியலீங்க,” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “பொய் எதுக்குங்க. அப்பா மட்டும் இல்லீங்க. மறுபடியும் அங்க வந்து அந்த மிஷினு முன்னால நிக்கோணும்னு நெனச்சாலே கை காலெல்லாம் அசந்துபோகுதுங்க. என்னால முடியலீங்க.”

“இதை நீ இப்பத்தான் சொல்றயா? கெடு முடியப்போகுதுன்னு உனக்குத் தெரியாதா? நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்?” இந்தமுறை அது சோதனை இல்லை. நிஜமாகவே ‘ங்க’ வரவில்லை.

அவர் கையை உயர்த்தினார், அடி விழப்போகிற மாதிரி. “அம்மணி, திட்டுங்க. நெம்பத் திட்டுங்க, நான் கேட்டுக்கறனுங்க. ஆனா ‘ங்க’ போட்டுத் திட்டுங்க. அது இல்லாமப் பேசுனீங்கன்னா, நீங்க என்னைய உட்டுப்போட்டீங்கன்னு ஆயிருமுங்க.”

‘ங்க’ போட்டே ஆரம்பித்தேன். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா என்றேன். நான் கல்லுங்களா, மரமுங்களா என்றேன். வெங்காய மூட்டையைத் தூக்கித் தூக்கி என் தோள் போனது உங்களுக்குத் தெரியுமுங்களா என்றேன். ஒரு வார்த்தை, நான் இல்லாம முடியுதுங்களான்னு ஒரே ஒரு வார்த்தை நீங்க கேட்டிருக்கீங்களா, முடியலீங்கன்னு நான் சொல்லியிருப்பனுங்களே என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் “ஆமாங்க”, “தப்புத்தானுங்க” என்றார். கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வாரனுங்க,” என்றேன். போனை வைக்கும்போது நாங்கள் சொல்வது அதுதான். எழுந்து போகிறவர்கூடப் போகிறேன் என்று சொல்லாத ஊர் எங்களுடையது.

அவர் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “போன வெக்கறதுக்குச் சொல்றீங்களா? இல்ல...” முடிக்கவில்லை. கேட்கப் பயந்தார்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. “மதுவுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருசம் இருக்குதுங்க. அது முடிஞ்சதும் வாரனுங்க.”

அவருக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. “சரிங்க” என்றார். “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வைத்துவிட்டேன்.

திரும்பினால் அறை வாசலில் மது நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. ‘அப்பா வரமாட்டார்னு எனக்கு அப்பவே தெரியும்’ என்பாள், கொரிய மொழியில் வெடுக்கென்று ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தமிழில் பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து.

“அம்மா, நீங்க மட்டும் போறீங்களா?”

பிறந்ததிலிருந்து அவள் என்னை நீங்க என்று சொன்னதில்லை. அவளுடைய வழக்கப்படி அப்படிச் சொன்னால் விலகுகிறாள் என்று பொருள், என்னுடைய வழக்கப்படி நெருங்குகிறாள். எது என்று முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

“ஆமாங்க கண்ணு,” என்றேன்.